துண்டுக்கு அடியில் சொன்ன எண்

நஞ்சம்மாவின் இடது தொடையில் இருந்த கட்டியை முதலில் தொட்டுப் பார்த்தது அவள் புருஷன் கரியப்பன்தான். ஐம்பத்தொன்றாம் வருஷம், கேழ்வரகு அறுப்பு முடிந்து களத்தில் கதிர் காய்ந்துகொண்டிருந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, முன்பக்கத்தில், எலுமிச்சங்காய் அளவில் ஏதோ உள்ளே இருப்பதாகச் சொன்னாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அவளைக் கால் நீட்டி உட்காரச் சொல்லிவிட்டு அவன் பார்த்தான். பெருவிரலால் ஒரு பக்கம் தள்ளினான், நகர்ந்தது. மறுபக்கம் தள்ளினான், அப்போதும் நகர்ந்தது.

“கொழுப்புக் கட்டிமே. உருளுது பாரு. உருள்றது ஒண்ணும் பண்ணாது.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கரியப்பன் கை சொன்னதை அந்த வீட்டில் இரண்டாம் முறை கேட்கிற வழக்கம் இல்லை. குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் இருபது வருஷமாக மாட்டுத் தரகு பார்க்கிறவன் அவன். ஒரு காளையின் கழுத்திலோ பின்தொடையிலோ வீக்கம் இருந்தால், விற்கிறவனும் வாங்குகிறவனும் வாயை மூடிக்கொண்டு அவன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நுகத்தடி உரசி வந்ததா, எலும்பைப் பிடித்துக்கொண்டு வந்ததா, வெறும் கொழுப்பா என்று அந்த விரல்கள் சொல்லும். சொன்னது தவறியதாக நஞ்சம்மா கேள்விப்பட்டதில்லை.

ஆகவே கட்டி வளர ஆரம்பித்தபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் கையைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தாள். அமாவாசைக்கு அமாவாசை, தலை முழுகின பிறகு, ஒரு வெள்ளை நூலைத் தொடையைச் சுற்றிப் பிடித்து, முனை வந்து சேர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள். நூலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். முதல் இரண்டு முடிச்சும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. நான்காவது முடிச்சு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. ஏழாவதைப் போட்டுவிட்டு நூலைப் பானைக்குள் வைக்கிறபோது கை அரிசியில் அப்படியே நின்றுவிட்டது. எடுக்கவும் தோன்றவில்லை, வைக்கவும் தோன்றவில்லை. மகள் செல்வம்மாள் வந்து, என்ன அம்மா அரிசியை எண்ணுகிறாயா என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

அடுத்த வருஷக் கடைசியில் அத்திப்பள்ளியில் கட்டிக்கொடுத்திருந்த அவள் அக்கா வீட்டில் ஒரு விசேஷம். தனியாகப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பினாள். எல்லையில் இருக்கிற ஜூஜுவாடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு; மைசூர் பக்கத்திலிருந்து சாராயத்தைச் சைக்கிள் டியூபில் ஊற்றி, இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொண்டு வருவது அப்போது பலருக்குப் பிழைப்பு. ஆண்களைப் போலீஸ் சோதித்தது. பெண்களைச் சோதிக்க ஒரு தடித்த அம்மாள் இருந்தாள். நஞ்சம்மா கீழே இறங்குகிறபோது, ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக இருந்த நிலையில், அந்த அம்மாளின் கை புடவைக்கு மேலாகத் தொடையைப் பிடித்தது.

“என்னாடி கட்டியிருக்கே? அவுரு.”

“அது சதைங்கம்மா.”

“எனக்கே சொல்றியா? கல்லு மாதிரி நிக்குது. அவுருடி.”

சோதனைச் சாவடியின் தட்டி மறைவுக்கு அழைத்துப்போய்ப் புடவையை விலக்கிப் பார்த்தாள். பார்த்த உடனே கையை எடுத்துக்கொண்டாள். குரல் மாறிவிட்டது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். கொழுப்புக் கட்டி, உருளும், ஒன்றும் செய்யாது என்று நஞ்சம்மா சொன்னாள். அந்த அம்மாள் மறுபடி ஒரு முறை அழுத்தினாள்.

“எங்கடி உருளுது? ஆஸ்பத்திரிக்குப் போ மொதல்ல.”

ஓசூர் வருகிற வரைக்கும் நஞ்சம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. வீட்டுக்குப் போனதும் அரிசிப் பானையிலிருந்து நூலை எடுத்துக் கரியப்பன் முன்னால் போட்டாள். அவன் முடிச்சுகளை எண்ணினான். முதல் முடிச்சுக்கும் கடைசி முடிச்சுக்கும் நடுவில் நான்கு விரல் வைத்தான், இடம் மீந்தது. மறுநாளே இருவரும் பெங்களூருக்குப் பஸ் ஏறினார்கள்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டாக்டர் திப்டூர் பக்கத்துக்காரர், வழுக்கை விழ ஆரம்பித்த மனிதர், கன்னடத்தில் பேசினார். இவர்களுக்கும் கன்னடம் வரும். அவர் முதலில் அவளை மேஜைமேல் உட்காரவைத்துக் கட்டியை அசைத்தார். அது கொஞ்சம் அசைந்தது. பிறகு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிப் பிடி என்றார். இறுக்கினாள். இப்போது அசைத்தார். கட்டி அசையவில்லை, தொடையோடு தொடையாக நின்றது.

நஞ்சம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. சந்தையில் வீக்கம் உள்ள காளையை அவன் ஒரு தடவை தொட்டுவிட்டு நிறுத்துவதே இல்லை. நுகத்தில் பூட்டச் சொல்வான், பாரத்தை இழுக்கச் சொல்வான், அது தசையை முறுக்கிக்கொண்டு முன்னால் சாய்கிற நேரத்தில் இரண்டாம் தடவை தொடுவான். சும்மா நிற்கிறபோது உருள்வது, இழுக்கிறபோதும் உருண்டால்தான் கொழுப்பு. அப்போது நின்றுபோனால் அது தசைக்குள் இருக்கிறது. இதைச் சந்தையில் பத்துப் பேருக்கு அவனே சொல்லிக் கொடுத்திருக்கிறான். தன்னை உட்காரவைத்து ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு எழுந்து போனதை அவள் நினைத்துப் பார்த்தாள். கோபம் வரவில்லை. 

அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் சரோஜம்மாள் இருந்தாள். ராயக்கோட்டையில் காய்கறி மண்டி வைத்திருந்த குடும்பம். அவளுக்கு அதே மாதிரிக் கட்டி, வலது மேற்கையில். அதன்மேல் மூன்று சூட்டுத் தழும்புகள். கட்டி கரைய வேண்டும் என்று காய்ச்சின கம்பியால் இழுத்திருந்தார்கள். வாய் ஓயாத பொம்பளை. நஞ்சம்மா கதையைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

“மாட்டுக்குப் பாக்கற கை, பொண்டாட்டிக்குப் பாக்கலயாக்கும். உன்னயும் ஏர்ல பூட்டிப் பாத்திருக்கணும் உங்க ஊட்டுக்காரரு.”

நஞ்சம்மாவும் சிரித்தாள். வராந்தாவில் நின்றிருந்த கரியப்பனுக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அன்று அவன் சாப்பிடவில்லை.

சதையில் கிள்ளி எடுத்துச் சோதித்த முடிவு எட்டாம் நாள் வந்தது. டாக்டர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் நீளமான பைண்டு நோட்டு ஒன்று இருந்தது. பத்து வருஷமாக இந்த மாதிரிச் சதைப் புற்றுக் கட்டியோடு வந்தவர்கள் எல்லோரையும் அதில் எழுதி வருவதாகச் சொன்னார். உடம்பில் எந்த இடம், வந்தபோது எவ்வளவு பெரிசு, வருவதற்கு முன்னால் என்ன வைத்தியம், அதற்குப் பிறகு எத்தனை வருஷம். ஊருக்குப் போனவர்களுக்குக் கார்டு போட்டு விசாரித்து எழுதுகிறார். பாதிக்கு மேல் தொடையிலும் காலிலும்தான் வருகிறது. வலிக்காது, அதனால் யாரும் வருவதில்லை. சூடு போட்டு, பச்சிலை கட்டி, வளர்ந்த பிறகுதான் வருகிறார்கள். எலுமிச்சங்காய் அளவில் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்றார்.

நஞ்சம்மாவின் கட்டி அப்போது தேங்காய் மூடி அளவு இருந்தது.

முன்பக்கத் தசையை மொத்தமாக எடுக்க வேண்டும், பிறகு கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். கால் தங்கும், ஆனால் பழைய நடை வராது. திரும்ப வந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும். நெஞ்சுக்குள் போய்விட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. எல்லாவற்றையும் டாக்டர் சொன்னார். நோட்டைத் திருப்பிக்கொண்டே, இந்த அளவில் வந்தவர்களில் பத்துப் பேருக்கு ஐந்து வருஷம் தாண்டியவர்கள் என்று ஆரம்பித்தார். கரியப்பன் கையை நீட்டித் தடுத்தான். அவள் வெளியே போகட்டும் என்றான்.

நஞ்சம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “கட்டி என்னுது,” என்றாள்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கரியப்பன் சற்று யோசித்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின்மேல் போட்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் நீட்டினான். டாக்டருக்கு ஒரு கணம் விளங்கவில்லை; விளங்கியதும் முகத்தில் சிரிப்பு வந்து போயிற்று. அவர் ஊரும் மாட்டுச் சந்தை ஊர்தான். சின்ன வயசில் அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறார். நோட்டை ஒரு முறை சரிபார்த்துக்கொண்டு, துண்டுக்கு அடியில் கையை விட்டார்.

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் சொல்வார்கள். மூன்று விரலைப் பிடித்தால் மூன்று. மூன்று விரலைப் பிடித்துவிட்டுக் கை முழுவதையும் ஒரு முறை அமுக்கினால் அதோடு ஐந்து சேர்ந்து எட்டு. துண்டுக்கு அடியில் சொன்ன எண்ணை வெளியே வாயால் சொன்னால் அந்தத் தரகனை மறுபடி எவனும் நம்ப மாட்டான். கரியப்பன் அவளிடம்கூட ஒரு எண்ணைச் சொன்னதில்லை. ஆனால் இருபது வருஷம் தரகனோடு குடித்தனம் செய்தவளுக்கு மணிக்கட்டைப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். டாக்டரின் மணிக்கட்டை அவள் உற்றுப் பார்த்தாள். மூன்று விரல். அது நிச்சயம். அதற்குப் பிறகு அமுக்கினாரா என்று பார்க்கிற அந்த நொடியில் கரியப்பன் இருமினான். முழங்கை உயர்ந்து துண்டை மறைத்தது. தரகர்கள் எல்லோருக்கும் வருகிற இருமல் அது.

பத்துக்கு மூன்றா, பத்துக்கு எட்டா.

தை மாதம் ஆப்பரேஷன் நடந்தது. முப்பது நாள் கரண்டு வைத்தார்கள். தொடைத் தோல் கருகினாற்போல் கறுத்தது. ஊன்றுகோலோடு ஊர் திரும்பினாள். இடது காலை இடுப்பிலிருந்து வீசித்தான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. மேட்டுநிலத்துக்குப் போவது நின்றது. மற்றதெல்லாம் பழகிவிட்டது, அந்த எண்ணைத் தவிர. கேழ்வரகுக் களியைக் கிண்டுகிறபோது மூன்று என்று தோன்றும். அவன் சாதாரணமாகச் சிரித்துப் பேசினால் எட்டு என்று தோன்றும். ஒரு நாள் நேராகவே கேட்டாள். துண்டுக்கு அடியில் போனது போனதுதான் என்று சொல்லிவிட்டு அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

அந்த ஆனியில் அவன் சந்தையிலிருந்து ஒரு கிடாரிக் கன்று பிடித்து வந்தான். பால்குடி மறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். மாட்டுத் தரகன் கன்று வாங்குவதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. தரகர்களுக்கு மாடு கைமாறினால்தான் பிழைப்பு. “நாலு வருஷத்துல ஈனும். நீதான் பீச்சணும்,” என்று கயிற்றை அவள் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து நஞ்சம்மா எட்டின் பக்கம் சாய்ந்தாள். நஷ்டத்துக்கு வாங்குகிறவன் இல்லை அவன். நாலு வருஷம் இருப்பேன் என்று தெரியாமல் கயிற்றைக் கொடுப்பானா?

அவனிடம் வேறு ஒரு மாற்றமும் இருந்தது. அதைச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொல்லித்தான் கேட்டாள். வீக்கம் உள்ள மாட்டை இப்போதெல்லாம் அவன் தொடுவதில்லையாம். கால்நடை டாக்டரண்டை காட்டு என்று சொல்லி நகர்ந்துவிடுகிறானாம். கரியப்பன் கைக்கு வாதம் வந்துவிட்டதா என்று கேலி செய்கிறார்களாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெங்களூர். நெஞ்சுப் படம் எடுப்பார்கள். படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிற நேரம் முழுக்க நஞ்சம்மா அவர் புருவத்தையே பார்ப்பாள். சரோஜம்மாளும் அதே நாளில் வருவாள். வெளிப் பெஞ்சியில் இருவரும் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றியும் டாக்டர் வழுக்கையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். உன் எண் என்ன என்று நஞ்சம்மா அவளைக் கேட்டதில்லை. இரண்டாம் வருஷம் ஒரு தடவை சரோஜம்மாள் வரவில்லை. அடுத்த தடவையும் வரவில்லை. உள்ளே போனபோது, மேஜைமேல் ராயக்கோட்டை முத்திரையோடு ஒரு கார்டு கிடந்தது. டாக்டர் நோட்டைத் திறந்து ஒரு வரிசையின்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நஞ்சம்மாவைக் கண்டதும் நோட்டை மூடினார். படிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்பு தெரியும். மூடுகிற அவசரத்தில் அந்தப் பக்கத்தில் வேறு சிவப்புக் கோடுகளும் தெரிந்தன. எண்ணுவதற்குள் மறைந்துவிட்டன.

மூன்றாம் வருஷம் மார்கழியில் அவளுக்கு இருமல் பிடித்தது. ஒரு வாரம் புடவை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள், அவன் கேட்டுவிடக் கூடாது என்று. எட்டாம் நாள் கொல்லைப் பக்கம் போய் இருமிவிட்டுத் திரும்பினபோது அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றான். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டதற்கு, முதல் நாளிலிருந்து என்றான்.  படம் சுத்தமாக இருந்தது. களத்துத் தூசி என்றார் டாக்டர். திரும்புகிறபோது அவன் பஸ்ஸில் தூங்கிப்போனான். வாயைத் திறந்துகொண்டு அப்படி அவன் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. எட்டு என்று தெரிந்தவன் இப்படி அசந்து தூங்குவானா என்று ஒரு யோசனை வந்தது. அதைத் தள்ளிவிட்டாள்.

கன்று வளர்ந்தது. ஐம்பத்தேழு ஐப்பசியில் ஈன்றது. நஞ்சம்மா இடது காலை நீட்டி வைத்து, வலது காலை மடக்கி, செம்பை மடியில் இடுக்கிக்கொண்டு முதல் சீம்பாலைப் பீச்சினாள்.

ஐம்பத்தெட்டுத் தை மாதம் ஐந்து வருஷம் முடிந்தது. டாக்டருக்கு இருந்த கொஞ்சம் முடியும் நரைத்திருந்தது. படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார், மற்ற நாளைவிட அதிக நேரம். பிறகு நோட்டைத் திறந்து கறுப்பு மையில் எழுதினார். இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். ஒன்றும் வராது என்று அவர் சொல்லவில்லை. நஞ்சம்மா அதைக் கவனித்தாள்.

ஜூஜுவாடியில் பஸ் நின்றது. சோதனை செய்கிற அம்மாள் அதே அம்மாள்தான், இன்னும் தடித்திருந்தாள். நஞ்சம்மா காலை வீசி இறங்கியதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தொடையில் கை வைத்தாள். கை பள்ளத்துக்குள் இறங்கிற்று. திடுக்கிட்டு எடுத்துக்கொண்டாள்.

“என்னாம்மா இது, சதையே காணோம்?”

“நீங்க சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.”

அந்த அம்மாளுக்கு நினைவில்லை. நூறு பேரிடம் நூறு சொல்லியிருப்பேன் என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்தவளிடம் போனாள்.

நஞ்சம்மா மறுபடி ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கரியப்பனும் வந்து உட்கார்ந்தான். ஆண்கள் இன்னும் சிலர் கீழே வரிசையில் நின்றிருந்தார்கள். அவள் அவன் தோளிலிருந்து துண்டை இழுத்து, தன் கையின்மேல் போட்டு, அவன் மடிமேல் வைத்தாள்.

“இப்பச் சொல்லு. யாவாரம் முடிஞ்சுபோச்சு.”

“முடியல. வருஷா வருஷம் வரச் சொல்லியிருக்காரு.”

“சொல்லு.”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பிறகு அவன் கை துண்டுக்கு அடியில் வந்தது. அவள் விரல்களைத் தேடி, மூன்றைப் பிடித்தது. அவள் காத்திருந்தாள். இனி அமுக்க வேண்டும். இந்தத் தடவை அவன் இருமவில்லை. அமுக்கவும் இல்லை. பிடித்த மூன்று விரலை விடவும் இல்லை.

  சரோஜம்மாள் வரிசைக்குப் பக்கத்தில் தெரிந்த சிவப்புக் கோடுகள் இப்போது எண்ணக் கிடைத்தாற்போல் கண்முன் நின்றன.

“அப்போ அந்தக் கன்னு?” என்றாள்.

“கன்னு வாங்கலைன்னா நீ எட்டுன்னு நெனச்சிருப்பியா?”

 அவள் முகத்தையும் அவன் இத்தனை நாளாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறான். கீழே நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கண்டக்டர் தகரத்தைத் தட்டினான். பஸ் புறப்பட்டு, சாவடியைத் தாண்டிய பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே கரியப்பன் சொன்னான்.

“எலுமிச்சங்காயா இருந்தப்பவே தொடைய இறுக்கச் சொல்லி ரெண்டாந்தடவ தொட்டுப் பாத்திருந்தா, டாக்டரு கைய முழுசா அமுக்கியிருப்பாரு.”

 துண்டு அப்படியே கிடந்தது. கொஞ்ச தூரம் போன பின், அடுத்த தைக்கு என்ன எண் என்று கேட்டாள். டாக்டர் அதற்கு எண் கொடுக்கவில்லை என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு, செல்வம்மாள் இந்நேரம் மாட்டைப் பீச்சியிருப்பாளா, கன்றுக்கு விட்டிருப்பாளா என்று கவலைப்பட ஆரம்பித்தாள்.